கீழிருந்து தலைமை தாங்கினார்

உச்சிமாகாளி தலைவரானது ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு. அப்போது அவர் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவில், தான் வேலை பார்க்கும் இரும்புக் கடையில், ஒரு கொத்தனாருக்கு அரைக் கிலோ இரண்டங்குல ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு நேராவதற்குள் பதவி வந்துவிட்டது.

கொண்டுவந்தவர் சுவாமிதாஸ். 'அனந்தபுரி பின்னசேஷி உன்னமன சமிதி'யின் பொதுச்செயலாளர். நாம் மாற்றுத்திறனாளி என்பதை இந்த ஊரில் பின்னசேஷிக்காரர் என்பார்கள். உன்னமனம் என்றால் மேலே தூக்கிவிடுவது. சமிதி இருபத்திரண்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. பதினாலு நிர்வாகிகளில் ஒருவருக்குக்கூட, மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டால், உடம்பில் ஒரு குறையும் கிடையாது. தூக்குகிறவர்களுக்கு வலு வேண்டுமல்லவா.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கையில் மாற்றுத்திறனாளிகள் நல இயக்குநரகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு அங்கீகாரம் வேண்டுமென்றால் தலைவர் மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும், நிர்வாகிகளில் பாதிப் பேரும் அப்படியே. சுவாமிதாஸ் அதை மூன்று தரம் படித்தார். மூன்றாவது தரம் கண் கலங்கிவிட்டது.

"நாம பெத்து வளர்த்த பிள்ளையை, பிள்ளைகிட்டயே குடுக்கச் சொல்லுதானுவ" என்றார்.

அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு ஆள் தேடப் புறப்பட்டார். முதல் திருப்பத்திலேயே இரும்புக் கடை.

"ஓய், உமக்குக் காலு ரெண்டும் வராதுல்லா?"

"சின்னதுலயே போலியோ சார்."

"சர்ட்டிபிக்கட் உண்டா? எத்தன சதமானம்?"

"எம்பது."

சுவாமிதாஸின் முகம் மகனுடைய மார்க்கைக் கேட்ட தகப்பன் முகம் போல மலர்ந்தது. "எம்பது டிஸ்டிங்ஷன் ஆக்கும். நாளை முதல் நீர்தான் தலைவர்."

உச்சிமாகாளி ஆணிப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தலைவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யப்படாது. செய்யதுக்கு நாங்க இருக்கோம். நீர் தலைமை தாங்கினா மதி, அதுவே போதும்."

உச்சிமாகாளி யோசித்தார். அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று, அதை வெளியே சொல்லக் கொஞ்சம் கூச்சம். கடைத்தெருச் சந்தில் ஒரு மூத்திரப்புரை இருக்கிறது. அதற்கு நாலு படி. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு நாலு படியும் ஒன்றுதான், பொன்முடி மலையும் ஒன்றுதான். காலையில் எட்டரைக்குக் கடைக்கு வந்தால் இரவு எட்டுக்குத்தான் வீடு. ஆகவே வள்ளியூரிலிருந்து இங்கே பிழைக்க வந்த பதினொரு வருஷமாக அவர் பகலில் தண்ணீர் குடித்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டில் ரசத்தை ஒதுக்குவார். மோரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தர்பூசணி வண்டி வந்தால் ஆணிப் பெட்டிக்குள் எதையோ தேடுவார். மனுஷனுக்கு என்ன ஒரு வைராக்கியம் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

"அந்த நாலு படிக்கு ஒரு சரிவு போட்டுத் தந்திருங்க சார். நான் தலைவராவும் இருந்துக்கிடுதேன், வேற என்னவாச் சொன்னாலும் இருந்துக்கிடுதேன்."

"இவ்வளவுதானா ஓய். ரெகக்னிஷன் கிட்டின மறுநாளே உமக்கு ரேம்ப்" என்றார் சுவாமிதாஸ்.

முதல் நிர்வாகக் குழுக் கூட்டத்தன்று ஒரு விஷயம் தெரியவந்தது. சமிதி அலுவலகம் இரண்டாம் மாடியில். முப்பத்தெட்டு படி. லிஃப்ட் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இது ஒரு குறையாக யாருக்கும் பட்டதில்லை. படியேற முடியாதவர்கள் எவரும் மேலே வந்து புகார் கொடுத்ததே இல்லை.

நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்று உச்சிமாகாளியே சொன்னார். சுவாமிதாஸ் பதறிவிட்டார்.

"தூக்கப்படாது. தூக்கினா அது மனுஷ அந்தஸ்துக்கு எதிராக்கும். நம்ம கொள்கைப் புஸ்தகத்தில பத்தாம் பக்கம் நானே எழுதியிருக்கேன்."

ஆகவே தலைவரின் அந்தஸ்தைக் காப்பாற்றும் பொருட்டு அவரைக் கீழே தாசையனின் டீக்கடையில் விட்டுவிட்டுக் குழு மேலேறியது. புதிய துணைத்தலைவர் ஷெமி மட்டும், கம்பைத் தட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் ஏறிப் போனார். ஷெமிக்குக் கண் தெரியாது. கிழக்கே கோட்டையில் லாட்டரிச் சீட்டு விற்பவர். அங்கே ஒலிபெருக்கி வைத்து விற்கிறவர்களை வெறும் தொண்டையாலேயே அடக்கிவிடுவார். அவர் மேலே ஜன்னலோரம் நின்றுகொண்டு கூட்டத்தை நேரடி வர்ணனை செய்தார்.

"அண்ணே, சுவாகதம் பேசுறாங்க, வரவேற்புரை."

"சரி."

"அண்ணே, உங்களைத்தான் புகழ்றாங்க."

"என்னன்னு?"

"எளிமையானவர்னு. தரையோட தரையா இருக்கிறவராம்."

"சரிதான். நம்ம சரிவு விசயம் எடுத்தாச்சா?"

"இல்ல அண்ணே. இப்ப பருப்புவடை எடுத்திருக்காங்க."

முடிவில் தலைவரின் கையெழுத்து வேண்டும். மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்குவது இணைச் செயலாளர் லீலாபாய்க்கு முட்டுவலியால் முடியாது. உச்சிமாகாளி கடைக்குச் சொல்லியனுப்பிப் பதினைந்து மீட்டர் நைலான் கயிறு வரவழைத்தார். புத்தகம் ஒரு மீன் கூடையில் இறங்கியது. அதில் லீலாபாயின் மணிமணியான கையெழுத்தில், 'தலைவர் கீழிருந்து தலைமை தாங்கினார்' என்று எழுதியிருந்தது. உச்சிமாகாளி கையெழுத்துப் போட்டார். தாசையன், எதற்கும் இருக்கட்டும் என்று, சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கூடை மேலே போனது.

சரிவுப்பாதை மூன்றாவது கூட்டத்தில் ஒருவழியாக விவாதத்துக்கு வந்தது. சுவாமிதாஸ் அதற்காகவே படியிறங்கி டீக்கடைக்கு வந்து விளக்கினார்.

"நீர் கேக்கது ஒரு தேவை. மனசிலாச்சா? சமிதி கேக்கது அவகாசம், உரிமை. ரெண்டும் வேற. தேவையைக் கேட்டா அது பிச்சை. உரிமையைக் கேட்டா அது செமினார். நம்ம லெவல் செமினார் ஆக்கும்."

"செமினார்ல மூத்திரம் போவ முடியுமா சார்?"

"அதைப் பத்தி ஒரு பேப்பர் வாசிக்கலாம்" என்றார் சுவாமிதாஸ்.

அடுத்தது, நிர்வாகிகளில் பாதி என்ற நிபந்தனை. உச்சிமாகாளி, ஷெமி இரண்டு பேரும் சேர்ந்தபின் மொத்தம் பதினாறு. எட்டு வேண்டும். இன்னும் ஆறு மாற்றுத்திறனாளிகளைத் தேடினால் கிடைக்க மாட்டார்களா என்று ஷெமி கேட்டார். கிடைப்பார்கள், ஆனால் அப்புறம் கூட்டத்தில் அவர்களும் பேசுவார்களே என்று குழு கவலைப்பட்டது. நீண்ட யோசனைக்குப் பின் சுவாமிதாஸ் 'ஒரு மணி நேரப் பின்னசேஷி தினம்' கொண்டாட முடிவுசெய்தார்.

கோட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் விழா. நிர்வாகிகள் பதினாலு பேரும் சக்கர நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்தத் துயரத்தை உணர்வது என்று ஏற்பாடு. வாடகை நாற்காலி பதின்மூன்றுதான் வந்தது.

"தலைவர்னா விட்டுக்குடுக்கணும்" என்று சொல்லி, உச்சிமாகாளியை ஒரு கல் திட்டில் இறக்கி வைத்துவிட்டு அவருடைய நாற்காலியில் சுவாமிதாஸ் ஏறிக்கொண்டார். தன்னார்வத் தொண்டர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரம் இரண்டானது, மூன்றானது. நிழல் நகர்ந்து திட்டில் வெயில் வந்தது. உச்சிமாகாளி நாற்காலியைக் கேட்டுக் கையை ஆட்டினார். தூரத்திலிருந்து எல்லாரும் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள்.

முடிவில் சுவாமிதாஸ் நாற்காலியில் இருந்தபடியே மைக்கைப் பிடித்தார். 

"என்னை எங்கெல்லாமோ தள்ளிக்கொண்டு போனார்கள். உனக்கு எங்கே போக வேண்டும் என்று ஒருத்தராவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்கிறார்கள். நான் ஒரு மனிதன் இல்லையா? இந்த வேதனை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் இதைப் பற்றிப் பேசவே அருகதை இல்லாதவர்கள்."

பேச்சு முடிந்ததும் எழுந்து நடந்து போய்ப் பொன்னாடையை வாங்கிக்கொண்டார். பதினாலு பேருக்கும் 'அனுபவப் பின்னசேஷி' என்று சான்றிதழ் வழங்கப்பட்டது. அதில் ஆறு பேரை மட்டும் கணக்கில் காட்டினால் போதும் என்றும், மீதி எட்டுப் பேர் தாழ்மையோடு ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்றும் லீலாபாய் பதிவுசெய்தார்.

இனி மிச்சம் அங்கீகார விழா. இயக்குநரகத்து ஜாயிண்ட் டைரக்டர் நேரில் வந்து, கூட்டத்தை உண்மையிலேயே ஒரு மாற்றுத்திறனாளிதான் நடத்துகிறாரா என்று ஆரம்பம் முதல் நன்றியுரை வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது விதி. கடைத்தெருக்களில் சரிவுப்பாதை போட உத்தரவு தர வேண்டியவரும் அவரேதான். இது தெரிந்ததும் உச்சிமாகாளி சலவைச் சட்டை போட்டுக்கொண்டார்.

தம்பானூர்ப் பக்கம் ஓர் ஆடிட்டோரியம். மேடைக்கு ஆறு படி. பந்தல்காரர் ஒரே ஒரு பலகையைச் சாய்த்து வைத்து அதற்குப் பச்சைக் கம்பளம் விரித்திருந்தார். ஏறுவதற்கு நாலு பேர் தள்ள வேண்டும். இறங்குவதற்கு யாரும் வேண்டாம். அரங்கத்தின் மறுகோடியில், பலகைக்கு நேர் எதிரே, சமிதி புதிதாகக் கட்டிக்கொடுத்திருந்த கழிப்பறை. அகலமான கதவு, பிடித்துக்கொள்ளக் கம்பி, சக்கர நாற்காலிப் படம். உச்சிமாகாளி அதை வாசலிலேயே பார்த்துவிட்டார். பார்த்ததும் அவருக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. வரவேற்பில் இளநீர் கொடுத்தார்கள். குடித்தார். இன்னொன்று கொடுத்தார்கள். பதினொரு வருஷ விரதத்தை முறித்து அதையும் குடித்தார். மேலே ஒரு நாரங்காவெள்ளம் என்கிற எலுமிச்சைச் சாறு, ஒரு டீ. பக்கத்தில் ஜாயிண்ட் டைரக்டரும் அவருக்கு ஈடாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஊரில் ஒரு கூட்டம் என்றால் அதற்கு ஒரு வரிசை உண்டு. பிரார்த்தனை, சுவாகதம், அத்யட்சர் என்கிற தலைவரின் உரை, உத்காடனம் என்கிற திறப்பு, முக்கியப் பிரபாஷணம் என்கிற சிறப்புரை, அப்புறம் ஆசம்ஸை, அதாவது வாழ்த்துரை. நோட்டீஸில் ஆசம்ஸைக்கு மட்டும் பதினேழு பேர். பேரில்லாதவர்கள் கோபித்துக்கொண்டதால் கையால் எழுதிச் சேர்த்தது மூன்று.

அத்யட்சர் உரையைச் சுவாமிதாஸ் எழுதிக் கொடுத்திருந்தார். உச்சிமாகாளி வாசித்தார்: "அனைவருக்கும் வணக்கம். எனக்காகப் பேச இத்தனை பேர் வந்திருக்கும்போது நான் பேசுவது முறையல்ல." கைத்தட்டல்.

ஜாயிண்ட் டைரக்டர் பேசினார். "முன்பெல்லாம் இவர்களை மேடைக்குக் கீழே நிறுத்தி வைத்து நாம் மேலே இருந்து பேசுவோம். இன்று மேலேயே வைத்துக்கொண்டு பேசுகிறோம். காலம் எவ்வளவு மாறிவிட்டது பாருங்கள்."

நாலாவது ஆசம்ஸையில் உச்சிமாகாளிக்கு லேசாக முட்டியது. ஆறாவதில் நன்றாகவே முட்டியது. ஒரு துண்டுச் சீட்டில், 'பாத்ரூம் போகணும்' என்று எழுதித் தள்ளினார். சுவாமிதாஸ் மறுபக்கம் எழுதித் திருப்பினார்: 'உத்காடனம் ஆகல்ல. 1.15க்கு ரிப்பன்.'

உண்மைதான். கழிப்பறைக் கதவின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. திறப்பு விழா ஆகாத ஒன்றை இந்த ஊரில் யாரும் உபயோகிப்பதில்லை. பாலமானாலும் சரி, பஸ் நிழற்குடையானாலும் சரி, மழையில் நனைந்துகொண்டே ரிப்பனுக்குக் காத்திருப்பார்கள்.

'பழைய பாத்ரூம்?' என்று எழுதினார் உச்சிமாகாளி.

'அதுக்க பைப்பைத்தான் இதுக்குத் திருப்பியிருக்கு. பூட்டியாச்சு. நீர் எழுந்தா கூட்டம் கலைஞ்சதாட்டு அர்த்தம். ரெகக்னிஷன் போகும். உம்ம ரேம்பும் போகும். பல்லைக் கடியும்.'

உச்சிமாகாளி பல்லைக் கடித்தார். எழுந்திருக்கிறவராக இருந்தால் எப்போதோ எழுந்து போயிருப்பார். எட்டாவது பேச்சாளர் பொறுமையைப் பற்றிப் பேசினார். ஒன்பதாவது பேச்சாளர் அருவியில் தொடங்கி, ஆறாகி, கடலை நோக்கி மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தார். பத்தாவது பேச்சாளர், "இதோ நம் தலைவரின் முகத்தைப் பாருங்கள், எத்தனை நூற்றாண்டு வலி அதில் தெரிகிறது" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். தெரிந்தது.

கீழே நாற்பது மாற்றுத்திறனாளிகள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அவர்களில் எல்லாருக்கும் தெரியும்.

பதினோராவது பேச்சாளர் எழுந்து காகிதக் கட்டைப் பிரித்தார். தடிமனைப் பார்த்த உச்சிமாகாளி கம்பியில்லா மைக்கைக் கையில் எடுத்தார்.

"அத்யட்சன்ங்கிற முறையில ஒரு வார்த்தை. ஆசம்ஸைய நிறுத்தி வைக்கேன். அடுத்தது கழிப்பறை உத்காடனம். திறந்து வைக்கது தலைவரு. யாராச்சும் ஆமோதிக்கணும்."

"நான் பிந்தாங்ஙுன்னு" என்று மலையாளத்திலேயே ஆமோதித்தது கிழக்கே கோட்டைக் குரல். ஷெமி முன்வரிசையில் இருந்தார்.

சுவாமிதாஸ் கை நீட்டுவதற்குள் உச்சிமாகாளி பிரேக்கை விட்டுவிட்டார். நாலு பேர் தள்ளி ஏற்றிய பலகை, தான் யார் என்பதைக் காட்டியது. நாற்காலி பச்சைக் கம்பளத்தில் இறங்கி, நடுப்பாதையில் அரங்கத்தின் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் கடந்து, ஓட்டப்பந்தயக்காரன் போல நெஞ்சால் ரிப்பனை அறுத்துக்கொண்டு உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது. வீடியோகிராபர் அனீஷ் மட்டும், "அண்ணாச்சி, ரிப்பன் கேமராவுல சரியா விழல்ல, ஒருக்கா திரும்ப வரலாமா" என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினார்.

மைக் உச்சிமாகாளியின் மடியில் இருந்தது. அணைக்கவில்லை. அடுத்த ஒன்றரை நிமிஷம், சற்றும் இடைவெளி விடாத ஓர் ஓசையை அரங்கம் முழுவதும் எட்டு ஒலிபெருக்கியில் கேட்டது. நாற்பது பேரும் கைதட்டினார்கள். அன்றைக்குப் பேசியதிலேயே விஷயமுள்ள பேச்சு அதுதான் என்று ஷெமி பிற்பாடு சொன்னார்.

சுவாமிதாஸ் கதவைத் தட்டினார். "ஓய் உச்சி, என்ன காரியம் செய்யுதீர்?"

"அத வெளிய நின்னு கேக்கணுமா சார்?" என்றன எட்டு ஒலிபெருக்கிகளும்.

ஜாயிண்ட் டைரக்டர் வேகமாக வந்தார். ஏன் அத்தனை வேகம் என்பது உடனே யாருக்கும் புரியவில்லை. "கூட்டம் கலைந்துவிட்டதா? தலைவர் மேடையில் இல்லையே."

சுவாமிதாஸ் வெளிறிப்போனார். லீலாபாய் மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். "கலையல்ல சார். முன்மாதிரி உண்டு. தலைவர் கீழிருந்து தலைமை தாங்கினதா ஏழு கூட்டம் பதிவாயிருக்கு. இப்ப உள்ளிருந்து தாங்குறார்."

இருபத்தேழு வருஷ சர்வீஸில் ஜாயிண்ட் டைரக்டர் முன்மாதிரியை மீறியதில்லை. "அப்படியானால் சரி. மிஸ்டர் தலைவர், வெளியே வாருங்கள். எனக்குக் கொஞ்சம்… கையைக் கழுவ வேண்டும்." அவருக்குச் சர்க்கரை உண்டு. இளநீர் மூன்று.

"வாரேன் சார். அதுக்கு முன்ன ஒரு தீர்மானம். சாலைக் கடைத்தெரு மூத்திரப்புரைக்குச் சரிவுப்பாதை. யாராச்சும் ஆமோதிக்கணும்."

"பிந்தாங்ஙுன்னு" என்றார் ஷெமி. அவருக்குப் பின்னால் நாற்பது குரல் பிந்தாங்கியது.

"தீர்மானத்தைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்று ஜாயிண்ட் டைரக்டர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். "சாத்தியக்கூறு அறிக்கை வேண்டும். தளப் பார்வை வேண்டும். ஒரு குழு அமைத்து, அந்தக் குழு…" இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். "நாலு படி தானே?"

"நாலு படிதாம் சார்."

"பேப்பர் கொடுங்கள்."

உத்தரவைச் சுவாமிதாஸின் முதுகில் வைத்து எழுதினார். இருபத்திரண்டு வருஷத்தில் சமிதி ஒரு காரியத்துக்குத் தோள் கொடுத்தது அன்றுதான். காகிதம் கதவுக்கு அடியில் உள்ளே போனது.

"தேதி போடலியே சார்."

காகிதம் வெளியே வந்தது. தேதியோடு திரும்பிப் போனது.

"எத்தன நாளைக்குள்ளன்னு இல்ல."

வெளியே வந்தது. 'பத்து நாளைக்குள்' என்ற சொல்லோடும், ஓர் அதிகாரியிடமிருந்து சாதாரணமாக வெளிப்படாத ஒரு முனகலோடும் உள்ளே போனது.

"சீல்?"

சீல் காரில் இருந்தது. கார் தூரத்தில் இருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். சுவாமிதாஸ் தன் அறுபத்தாறு வயதுக்கு ஓடக் கூடாத ஓட்டம் ஓடிச் சீலோடு வந்தார். ஜாயிண்ட் டைரக்டர் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்தபடி ஓங்கிக் குத்தினார். காகிதம் கடைசித் தடவையாக உள்ளே போனது.  எழுத்துக் கூட்டி வாசிக்கிற சத்தம் ஒலிபெருக்கியில் மெல்ல வந்தது. வாசித்து, மடித்து, சட்டைப்பையில் வைக்கிற சத்தமும் வந்தது.

"இனியெங்கிலும் வெளிய வாரும் ஓய்" என்று சுவாமிதாஸ் மூச்சு வாங்கினார். "சாருக்க நிலைமை மோசமாக்கும்."

"கூட்ட வரிசைன்னு ஒண்ணு இருக்குல்லா சார். ஆசம்ஸைக்கு இன்னும் பத்து பேரு பாக்கி. பதினோராவது ஆள வரச் சொல்லுங்க, நிதானமாப் பேசட்டும்" என்றார் உச்சிமாகாளி. "எனக்கு இப்ப அவசரம் ஒண்ணும் இல்ல."